வெள்ளி விழாவுக்கு நான் வாங்கின காசு

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, தை மாசம். எங்க கல்யாணம் நடந்து இருபத்தஞ்சு வருஷம் முடியற நேரம். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் போற ரோட்டுல, மெயின் ரோட்டை விட்டு ரெண்டு கிலோமீட்டர் உள்ள தள்ளி எங்க ஊரு. எங்க வூட்டுக்காரரு அரசு பஸ்ல கண்டக்டர், ஒகேனக்கல் ரூட்டு. நான் வூட்லயே மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கறேன். இதை எழுதலாமா வேணாமான்னு ஆறு மாசமா யோசிச்சேன். எழுதினா மட்டும் என்ன ஆகப்போகுதுன்னு தோணும். ஆனாலும் யார்கிட்டயாவது ஒருதடவை முழுசா சொல்லியாகணும் போல இருக்கு. அதான் மெஷினை மூடி வச்சுட்டு உக்காந்துட்டேன்.

மொதல்ல அவரைப் பத்திச் சொல்லணும். அவரு வேலைக்குச் சேந்த புதுசுல, கூட்டத்தோட கூட்டமா அவரு கையில செல்லாத காசைத் திணிச்சுட்டு இறங்கிடுவாங்களாம். பழைய இருபது பைசா, சிலோன் காசு, நேபாளத்துக் காசுன்னு என்னென்னமோ வரும். டெப்போவுல அதை வாங்க மாட்டாங்க, கைக்காசைப் போட்டுத்தான் கட்டணும். மத்த கண்டக்டருங்க கெட்ட வார்த்தையில திட்டிட்டு, அடுத்த ட்ரிப்புல வேற யாரு தலையிலயாவது கட்டிடுவாங்க. இவரு அப்படிச் செய்ய மாட்டாரு. சட்டைப் பாக்கெட்டுல போட்டு வூட்டுக்குக் கொண்டாந்து, காக்கியைக்கூடக் கழட்டாம உக்காந்து அதைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருப்பாரு. அப்படி ஆரம்பிச்சதுதான் இந்தக் காசு சேக்கற கிறுக்கு.

கல்யாணமான புதுசுல, அழுக்கா இருக்கேன்னு பத்துப் பதினஞ்சு காசை எடுத்து, புளி போட்டுத் தேச்சு, பளபளன்னு ஆக்கி, துணியில வரிசையா வச்சிருந்தேன். வந்து மெச்சுவாருன்னு பாத்தா, தலையில கையை வச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. பழைய காசுக்கு அந்தக் கறுப்புதான் உசுராம், தேச்சா போச்சாம். அன்னிக்குத்தான் அவரு என்னை மொதமொதலா திட்டினது. கத்தாம, ஒத்த வார்த்தையில முடிச்சுட்டாரு. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே நான் கை வைக்கல.

அப்பப்ப கவர்மெண்டுல ஸ்பெஷலா படம் போட்டு அஞ்சு ரூவா, பத்து ரூவாக் காசு விடுவாங்க இல்லீங்களா, அது டிக்கெட் பைக்குள்ள வந்துச்சுன்னா அதே அளவுக்குத் தன் காசைப் போட்டுட்டு இதை எடுத்துக்குவாரு. ஒவ்வொண்ணையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, பக்கத்துல விரல் அகலத்துக்கு ஒரு சீட்டு எழுதி வைப்பாரு. என்ன காசு, எந்த வருஷம்னு எல்லாரும் எழுதுவாங்க. இவரு, எங்கிருந்து வந்துச்சுன்னும் எழுதுவாரு. ‘பாலக்கோடு ஸ்பெஷல் பஸ், நல்ல மழை, கல்யாண கோஷ்டி குடுத்தது.’ ‘ஒகேனக்கல் கடைசி வண்டி, பெங்களூர்ப் பசங்க அஞ்சு ரூவான்னு நெனச்சுக் குடுத்தது.’ படிச்சா சிரிப்பு வரும். ஆனா அந்தச் சீட்டுல ஒரு எழுத்து பொய் இருக்காது.

வெள்ளி ரூபாயெல்லாம் பஸ்ல வராது. அதை மட்டும் காசு குடுத்துத்தான் வாங்கணும். சேலத்துல கண்காட்சி போட்டா லீவு போட்டுட்டுப் போவாரு. கையில வாங்கி, ஓரத்தைப் பாத்து, நகத்துல சுண்டி, காதுகிட்ட வச்சுச் சத்தம் கேட்டுட்டுத்தான் வாங்குவாரு. வெள்ளைக்காரன் காலத்து ராஜா தலை போட்ட ரூபா, வருஷ வாரியா ஒரு வரிசை சேத்திருந்தாரு. அதுல ஒரே ஒரு வருஷம் மட்டும் இல்ல. அந்த வருஷத்துக் காசு வெளிய வந்ததே ரொம்பக் கம்மியாம். ஆல்பத்துல அந்த ஒரு எடம் மட்டும் பொக்கை மாதிரி இருக்கும்.

எங்க மாவட்டத்துல காசு, ஸ்டாம்ப் சேக்கறவங்க ஒரு சங்கம் வச்சிருக்காங்க. போன்ல ஒரு குரூப்பும் உண்டு. அதுல இவரு அடிக்கடி எழுதுறது ஒண்ணே ஒண்ணுதான். ஆன்லைன்ல காசு வாங்காதீங்க, படத்துல பாத்து ஏமாறாதீங்க, இப்ப வர்றதுல முக்காவாசி அச்சு வார்த்த டூப்ளிகேட்டுன்னு. போட்டோவோட போடுவாரு. சங்கத்து செயலாளரு பென்னாகரத்துல மளிகைக்கடை வச்சிருக்காரு, இவருக்கு இருவது வருஷத்து சினேகிதரு. என்னை தங்கச்சின்னுதான் கூப்பிடுவாரு. உங்க வூட்டுக்காரரு ஒரு காசை நல்லதுன்னு சொல்லிட்டா நான் திருப்பிக்கூடப் பாக்கறதில்ல தங்கச்சின்னு சொல்வாரு. எனக்கு உள்ளுக்குள்ள பெருமைதான். வெளிய, இந்தப் பொம்பளைக்கு ஒரு மூக்குத்தி வாங்கித் தரத் துப்பில்ல, ராஜா தலைக்கு மட்டும் காசு இருக்குன்னு குத்திக் காட்டுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

வெள்ளி விழாவுக்கு அவருக்கு என்ன வாங்கறதுன்னு மண்டையைக் குழப்பிக்கிட்டு இருந்தேன். வாட்ச் வாங்கினா கட்ட மாட்டாரு. சட்டை வாங்கினா, காக்கிக்கு மேல எதுக்குன்னு கேப்பாரு. ஒருநாள் போன்ல ஜாக்கெட் டிசைன் பாத்துக்கிட்டு இருக்கும்போது, பழைய காசு விக்கற ஒரு பக்கம் வந்துச்சு. சும்மா தள்ளிக்கிட்டே போனேன். சத்தியமா சொல்றேன், தள்ளிக்கிட்டிருந்த விரலு அப்படியே நின்னுடுச்சு. அவருகிட்ட இல்லாத அதே வருஷம், அதே ராஜா தலை.

அவரு தினம் குரூப்புல எழுதறது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுப் பாப்போம்னு செய்தி அனுப்பினேன். வித்தவன் எழுதல, பேசியே அனுப்பினான். வாய்க்கு வாய் அக்கா. எங்க தாத்தா பொட்டியில இருந்துதுக்கா, பாப்பாவை ஆஸ்பத்திரியில சேத்திருக்கேன், இல்லைன்னா இதை விப்பேனாக்கான்னு குரல் தழுதழுக்கச் சொன்னான். எனக்குப் பாவமா இருந்துச்சு. பாவம்னு நெனச்சுக்கிட்டே பேரமும் பேசினேன் பாருங்க. அவனும் குறைச்சான். பார்சல் கைக்கு வந்தப்புறம் பணம் குடுத்தாப் போதும்னான். சந்தையில கத்திரிக்காய் வாங்கறவளுக்கு வெள்ளி வாங்கத் தெரியாதான்னு எனக்கு ஒரே கர்வம்.

பார்சல் வந்துச்சு. கண்ணாடி மாதிரி ஒரு டப்பா, உள்ள காசு. கூடவே தங்கக் கலர் எழுத்துல அசல்னு உறுதி சொல்ற ஒரு அட்டை, அதுல முத்திரை, கையெழுத்து எல்லாம். நான் காசை எங்க பாத்தேன், அந்த அட்டையைத்தான் பாத்தேன். அட்டையே இவ்வளவு ஜோரா இருக்குதே, காசு எப்படிப் பொய்யா இருக்கும்னு நெனச்சேன். பார்சல் வந்த அட்டைப்பொட்டி நல்லா கெட்டியா இருந்துச்சு. தூக்கிப் போட மனசு வராம அதுல மிளகாய் விதை போட்டு வச்சேன்.

நாங்க கத்தோலிக்கக் குடும்பம். கோவில்ல பூசை வச்சு, ஃபாதர் ஆசீர்வாதம் பண்ணி, பக்கத்து மண்டபத்துல சாப்பாடு. எங்க அண்ணன் குடும்பம், அவரு கூட வேலை செய்யறவங்க, சங்கத்து ஆளுங்கன்னு ஒரு நூறு பேரு. எல்லாரும் பாக்கறாப்பல அந்த டப்பாவை அவரு கையில குடுத்தேன். ஆன்லைன்னு சொன்னா அங்கயே திட்டுவாருன்னு, சேலத்துக்குத் துணி எடுக்கப் போனப்ப ஒரு கடையில பாத்து வாங்கினேன்னு ஒரு பொய்யும் சொன்னேன்.

அவரு டப்பாவைத் திறந்து காசை எடுத்தாரு. ஓரத்தைத் தடவினாரு. நகத்து மேல வச்சாரு, சுண்டப் போறவரு மாதிரி. சுண்டல. என் மூஞ்சியை ஒருதடவை பாத்தாரு. அப்புறம் காசை உள்ளங்கையில வச்சு மூடிக்கிட்டாரு. கண்ணு கலங்கியிருந்துச்சு. ரொம்ப நல்லா இருக்குன்னு சொன்னாரு. எல்லாரும் கை தட்டினாங்க. இருபத்தஞ்சு வருஷத்துல நான் அவ்வளவு சந்தோஷமா இருந்தது அன்னிக்குத்தான்.

ஆவணி மாசம் தர்மபுரியில ஒரு கல்யாண மண்டபத்துல சங்கத்துக்காரங்க கண்காட்சி போட்டாங்க. அவரவருக்கு ஒரு மேஜை. நல்லா வச்சிருக்கற மேஜைக்குப் பரிசு. அதைப் பாத்துச் சொல்ல வெளியூர்லருந்து விவரம் தெரிஞ்ச ஒருத்தரை வரவழைச்சிருந்தாங்க. ஒரு வாரத்துக்கு முன்னாடியே இவரு சீட்டெல்லாம் புதுசா எழுத ஆரம்பிச்சாரு. பாத்தா, வெள்ளி ரூபா வரிசையில நான் குடுத்த காசு இல்ல. அந்த எடம் காலியா இருந்துச்சு.

ஏன்னு கேட்டேன். அது வூட்லயே இருக்கட்டும்னாரு. மறுநாளும் கேட்டேன். அது உன் ஞாபகமா வச்சிருக்கறது, கூட்டத்துல எதுக்குன்னாரு. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஜாக்கெட் தைக்கறவ வாங்கிக் குடுத்ததுன்னா மட்டமா, பெரிய மனுஷங்க முன்னாடி வைக்க வெக்கமா இருக்கான்னு கேட்டேன். அவரு குனிஞ்சு அடுத்த சீட்டை எழுத ஆரம்பிச்சாரு. நானும் அவரோட பேச்சை நிறுத்திட்டேன். சோத்தைப் போட்டு வச்சுட்டு மெஷின்ல போய் உக்காந்துக்குவேன். ரெண்டு நாள். மூணாம் நாள் காலையில டூட்டிக்குக் கிளம்பறப்ப, சரி, வைக்கறேன்னாரு. எனக்கு ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு.

கண்காட்சிக்கு எங்க அண்ணன் குடும்பத்தையே கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். அண்ணிக்கு மேஜை மேஜையா காட்டிக்கிட்டு, எங்க மேஜைக்கு வந்து அந்தக் காசைக் கையால சுட்டிக் காட்டினேன். அப்பத்தான் பாத்தேன். மத்த எல்லாக் காசுக்கும் பக்கத்துல எழுதின சீட்டு இருக்குது. அதுக்கு மட்டும் வெறும் வெள்ளைச் சீட்டு, ஒரு எழுத்து இல்ல. மறந்துட்டாரு போலன்னு நெனச்சேன்.

வெளியூர்க்காரரு எங்க மேஜைக்கு வந்தாரு. சீட்டெல்லாம் படிச்சுச் சிரிச்சாரு. இவரைத் தட்டிக் குடுத்தாரு. அப்புறம் அந்தக் காசுகிட்ட வந்து நின்னாரு. கண்ணுல வைக்கற சின்ன கண்ணாடியை எடுத்தாரு. பையில இருந்து குட்டித் தராசை எடுத்து நிறுத்தாரு. சுத்தி ஆளுங்க கூடிட்டாங்க.

“இது டூப்ளிகேட்டுங்க. ஓரத்துல அச்சு ஒட்டின கோடே தெரியுது பாருங்க. எங்க வாங்கினீங்க? யாரு வாங்கினது?”

எங்க வூட்டுக்காரரு ஒரு நொடிகூட யோசிக்கல. “நான்தாங்க. போன்ல பாத்து வாங்கினேன். ஏமாந்துட்டேன்”னாரு.

உண்மையைச் சொல்லணும்னுதான் இதை எழுதறேன், அதனால இதையும் சொல்லிடறேன். அவரு ‘நான்தாங்க’ன்னு சொன்னப்ப என் மனசுக்குள்ள ஒரு நொடி ‘அப்பாடா’ன்னு இருந்துச்சு. அண்ணி பக்கத்துல நிக்கறா. அண்ணன் பசங்க நிக்குதுங்க. நான் வாங்கினதுன்னு தெரிஞ்சா என் மானம் போகுமேன்னுதான் எனக்கு மொதல்ல தோணுச்சு. அவரு மானம் என் கண்ணு முன்னாடி போய்க்கிட்டு இருந்ததை நான் அப்புறம்தான் பாத்தேன்.

யாரோ ஒருத்தரு சத்தமாவே சொன்னாரு, எங்களுக்கெல்லாம் தினம் பாடம் எடுத்துட்டு இவரு என்ன பண்ணியிருக்காரு பாருன்னு. சிரிச்சாங்க. இந்த மாதிரி ஒண்ணை வரிசைக்கு நடுவுல வச்சா மத்ததை எப்படிங்க நம்பறதுன்னு வெளியூர்க்காரரு கேட்டாரு. கேட்டுட்டு, ஒவ்வொரு வெள்ளிக் காசா எடுத்து நிறுத்துப் பாத்தாரு. இவரு கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. பஸ்ல செக்கிங் ஏறினா பையைக் குடுத்துட்டு நிப்பாங்களே, அப்படி. அதுக்கெல்லாம் ஒரு அஞ்சு நிமிஷம் ஆகியிருக்கும். அந்த அஞ்சு நிமிஷமும் நான் ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டு இருந்தேன். ஊர்ல யாரு சண்டைக்கும் முதல் ஆளா வாய் குடுக்கறவ நான். அன்னிக்கு வாயைத் திறக்கல.

மத்ததெல்லாம் நல்ல காசுதான்னு அந்த மனுஷரு சொன்னாரு. அதைக் கேக்க அங்க யாரும் இல்ல. அதுக்குள்ள போட்டோ எடுத்து குரூப்புல போட்டாச்சு.

திரும்பி வர்றப்ப பஸ்ல பக்கத்துலதான் உக்காந்திருந்தாரு. என் மேல கோபம் மாதிரியும் தெரியல. வெயில் ஜாஸ்தியா இருக்கு, ஜன்னலைச் சாத்திக்கோன்னு மட்டும் சொன்னாரு.

மூணு நாள் கழிச்சு, மத்தியானம் சோறு போட்டுக்கிட்டு இருக்கும்போது தாங்க முடியாம உடைஞ்சு போய்ச் சொல்லிட்டேன். நான் சேலத்துல வாங்கல, போன்லதான் வாங்கினேன்னு. அவரு சாப்பிடறதை நிறுத்தாமயே, தெரியும்னாரு. பார்சல் வந்த பொட்டியிலதானே நீ மிளகாய் விதை போட்டு வச்சிருக்கேன்னாரு. காசு டூப்ளிகேட்டுங்கறது எப்பத் தெரியும்னு கேட்டேன். கையில குடுத்தப்பவே தெரியும்னாரு.

எனக்கு அழுகையை விட ஆத்திரம்தான் வந்துச்சு. தெரிஞ்சும் ஏன் கொண்டுபோய் அந்த மேஜையில வச்சீங்கன்னு கத்தினேன். அவரு என்னை நிமிந்து பாத்து, “நீ ரெண்டு நாள் பேசல”ன்னாரு.

அதுக்கு மேல நான் என்ன கேக்கறது? சொல்லுங்க.

வித்தவனைத் தேடினேன். அந்தப் பக்கமே போன்ல இல்ல. நம்பரு போகல. பார்சல்காரன்கிட்டதான் பணம் குடுத்தேன், ரசீதுன்னு எதுவும் கையில இல்ல. மிச்சமிருந்தது அந்தத் தங்க எழுத்து அட்டை ஒண்ணுதான். காசைக் கிணத்துல வீசப் போனேன். இவரு ஓடி வந்து கையைப் புடிச்சுக்கிட்டாரு. தூர் வாரறப்ப யாராவது எடுத்து இன்னொருத்தன்கிட்ட வித்துடுவான்னாரு. சைக்கிள் கடைக்கு எடுத்துட்டுப் போய், இரும்பு வெட்டற கத்தரியால ரெண்டா வெட்டிக்கிட்டு வந்தாரு. அப்பவும் அந்தப் புத்திதான் அவருக்கு.

டெப்போவுல விஷயம் பரவிடுச்சு. என்னாண்ணா, டிக்கெட் ஒரிஜினலான்னு கேலி பண்ணுவாங்களாம். அதை அவரு சொல்லல, கூட வேலை செய்யற டிரைவரு சம்சாரம் ஜாக்கெட் தைக்க வந்தப்ப சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனா. குரூப்புல அவரு எழுதறதை நிறுத்திட்டாரு. இருவது வருஷத்து சினேகிதரு ஒரு போன்கூடப் பண்ணல. சரி, வாங்கினவ நான்தானே, நானே போய்ச் சொல்லிடறேன்னு ஒருநாள் பென்னாகரம் பஸ் ஏறினேன்.

செயலாளரு மளிகைக்கடையில கூட்டம் குறையற வரைக்கும் ஓரமா நின்னேன். அப்புறம் ஒண்ணு விடாமச் சொன்னேன். நான் வாங்கினது, பொய் சொன்னது, டூப்ளிகேட்டுன்னு தெரிஞ்சும் அவரு எனக்காகத்தான் வச்சாருன்னு. சொல்லச் சொல்ல எனக்கே ஒரு தெம்பு வந்துச்சு. எல்லாம் சரியாயிடும்னு நெனச்சேன். அவரு பொறுமையா கேட்டாரு. எப்பவும் தங்கச்சிங்கறவரு, அன்னிக்கு அம்மான்னு கூப்பிட்டாரு.

“நீங்க வாங்கினதாவே இருக்கட்டும்மா. அது பொய்க் காசுன்னு அவருக்கு மொத நாளே தெரியும்னு நீங்களே சொல்றீங்க. தெரியாம வச்சிருந்தா ஏமாந்துட்டாருன்னு விட்டிருப்போம். தெரிஞ்சே கொண்டாந்து எங்க சபையில வச்சிருக்காரே, அதுக்கு என்ன பேரு?”

எங்க வூட்டுக்காரரைக் காப்பாத்தணும்னு போனேன். அவருக்கு மிச்சமிருந்த ஒரு சாக்கையும் நானே புடுங்கி அவங்க கையில குடுத்துட்டேன். முட்டாள்னு பேசிக்கிட்டு இருந்தவங்க, இனிமே திருடன்னு பேசுவாங்க. அது புருஷன் பொண்டாட்டி சமாச்சாரங்கண்ணா, அவரு மனசு உங்களுக்குத் தெரியாதான்னு கெஞ்சினேன். அவரு கல்லாவுக்குக் கீழ இருந்து ஒரு சின்ன பொட்டலத்தை எடுத்து என் கையில வச்சாரு. இத்தனை வருஷத்துல எங்க வூட்டுக்காரரு அவருக்கு மாத்திக் குடுத்த காசுங்க. சீட்டோட அப்படியே இருந்துச்சு. இனிமே இதை எங்கிட்ட வச்சுக்க முடியாதும்மான்னாரு. அவரும் கெட்டவரு இல்ல. சொல்றப்ப அவரு கண்ணும் சிவந்துதான் இருந்துச்சு.

அந்தப் பொட்டலத்தை மறைச்சுடலாம்னுதான் வந்தேன். மெஷின் மேல வச்சுட்டுத் தண்ணி குடிக்கப் போன நேரத்துல அவரு டூட்டி முடிச்சு வந்துட்டாரு. பிரிச்சாரு. தன் கையெழுத்துச் சீட்டைப் பாத்தாரு. எங்க போயிருந்தேன்னு ஒண்ணும் கேக்கல. பொட்டலத்தை மடிச்சு சட்டைப் பாக்கெட்டுல போட்டுக்கிட்டாரு. கேட்டிருந்தா, திட்டியிருந்தா, ரெண்டு அறை விட்டிருந்தாக்கூட என் பாரம் குறைஞ்சிருக்கும்.

அதுக்கப்புறம் ஒரு மாசம் இருக்கும். ஒகேனக்கல்ல ஒரு சொந்தக்காரங்க துக்கத்துக்குப் போயிட்டுத் திரும்பி வர்றேன். ஏறினது அவரு வண்டி. எனக்கும் டிக்கெட் கிழிச்சுக் குடுத்துட்டு முன்னாடி போனாரு. எனக்கு ரெண்டு சீட்டு முன்னாடி, மீன் கூடையோட ஒரு அம்மா. அவங்களுக்கு மிச்சம் பத்து ரூவா தரணும். இவரு பையில கையை விட்டு ஒரு காசை எடுத்துக் குடுத்தாரு. அந்தம்மா கையில அது பளிச்சுன்னு மின்னுச்சு. பஸ்ல புழங்கற காசு அப்படி மின்னாது. வருஷக்கணக்கா கவர்ல இருந்த காசுதான் அப்படி இருக்கும். எனக்கு அப்பத்தான் புரிஞ்சுது, இந்த மனுஷரு தினம் என்ன பண்ணிக்கிட்டு இருக்காருன்னு.

அந்தம்மா காசைத் திருப்பிப் பாத்துட்டு, “பத்து ரூவாக் காசு வேணாம் சாமி, கடையில வாங்க மாட்டேங்கறான். இது டூப்ளிகேட்டு மாதிரி வேற இருக்குது. நோட்டா குடு”ன்னாங்க.

எங்க பக்கத்துல பத்து ரூவாக் காசுன்னாலே இப்படித்தான் தயங்குவாங்க. அது புதுசு இல்ல. ஆனா அந்த வார்த்தையைக் கேட்டு அவரு மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு எனக்குத்தான் தெரியும். செல்லுங்க ஆத்தா, நல்ல காசுங்கன்னு மெதுவா சொன்னாரு. அந்தம்மா நீட்டின கையை மடக்கல. பக்கத்துல இருந்தவங்களும், ஆமாங்க நோட்டே குடுத்துடுங்கன்னாங்க.

நான் எழுந்துட்டேன். பஸ்சே திரும்பிப் பாக்கறாப்பல கத்தினேன். அது நல்ல காசுங்க, அவரு கையில பொய்க் காசு வராதுங்க, பொய்க் காசு வாங்கினவ நான், இதோ நிக்கறேன், எல்லாரும் பாத்துக்கங்கன்னு என்னென்னமோ சொன்னேன். துக்க வூட்டுக்குப் போயிட்டு வர்ற பொம்பளை ஏதோ மனசு பேதலிச்சுப் பேசறான்னு எல்லாரும் என்னைப் பரிதாபமா பாத்தாங்க. யாருக்கு என்ன தெரியும்? அவரு என்கிட்ட வந்து, “விடு. உக்காரு”ன்னு சொன்னாரு. அந்தம்மாவுக்கு நோட்டைக் குடுத்தாரு. அந்தக் காசை எனக்குக் குடுங்கன்னு பத்து ரூவா நோட்டை நீட்டினேன். வாங்கிக்கிட்டு, மத்த பயணிக்குக் குடுக்கற மாதிரி என் கையில காசைப் போட்டுட்டு, டிக்கெட் டிக்கெட்டுன்னு முன்னாடி போயிட்டாரு.

வூட்டுக்கு வந்து ஆல்பத்தைத் திறந்தேன். பாதிக்கு மேல காலி. வெள்ளி ரூபாயெல்லாம் இருந்துச்சு. பஸ்ல கிடைச்சதுதான் ஒண்ணொண்ணா போயிருந்துச்சு. சீட்டுங்க மட்டும் அங்கங்க கவருக்குள்ள கிடந்துச்சு. கொண்டாந்த காசை அதோட எடத்துல வச்சு, கவரை ஒட்டிட்டுப் படுத்தேன். காலையில அவரு டூட்டிக்குப் போனப்புறம் பாத்தேன், அந்த எடமும் காலி.

இப்ப ஆல்பத்துல காசு ரொம்ப இல்ல. நானும் ஒட்டி வைக்கறதை விட்டுட்டேன். சண்டை இல்ல, சச்சரவு இல்ல, என்கிட்ட எப்பவும் போலத்தான் பேசறாரு. குழம்புல உப்பு கம்மின்னா சொல்றாரு. அந்தக் கண்காட்சியைப் பத்தி மட்டும் நான் எடுத்தா எழுந்து வெளிய போயிடறாரு. எத்தனையோ பேர்கிட்ட நான்தான் வாங்கினேன்னு சொல்லிட்டேன். அண்ணிகிட்ட சொன்னேன், டிரைவரு சம்சாரத்துகிட்ட சொன்னேன், பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட சொன்னேன், இப்ப உங்ககிட்டயும் சொல்றேன். சொல்ற ஒவ்வொரு தடவையும் எனக்கு ஒண்ணு மட்டும்தான் தெரியுது. உண்மையைச் சொல்ல அந்த மேஜைக்கு முன்னாடி எனக்கு அஞ்சு நிமிஷம் இருந்துச்சு, அதை விட்டுட்டு மிச்சமிருக்கற ஆயுசு பூரா நான் எவ்வளவு கத்தினாலும், கையைக் கட்டிக்கிட்டு நின்ன அந்த மனுஷருக்கு அது இனிமே ஒண்ணுக்கும் உதவாது.